கண் ட்ரையலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? பேப்பர் வேலையை இப்படித் தொடங்குங்கள்

கண் மருந்து ட்ரையல், அதாவது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, அந்த வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம் இருக்கும். ஒரு பாட்டிக்குப் பார்வை அளந்த தாளின் மேல் டீயைக் கொட்டிவிட்டேன். மறுநாள் எங்கள் தாள்களைச் சரிபார்க்கும் மானிட்டர் வருகிறார், இந்தக் கறையோடு எப்படிக் காட்டுவது என்று பதறிப்போய், புதுத் தாள் ஒன்றை எடுத்து எல்லா எண்களையும் முத்து முத்தாகப் பார்த்து எழுதி, ஆப்டோமெட்ரிஸ்டிடம் கையெழுத்தும் வாங்கி, பழையதைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். எங்கள் சீனியர் கோஆர்டினேட்டர், பல வருஷமாக இதே வேலையில் இருக்கிற அக்கா, புதுத் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது எப்ப எழுதினது?" என்று கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. குனிந்து தொட்டியில் கைவிட்டு அந்தக் கசங்கின தாளை எடுத்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்து, அதன் ஓரத்தில் என்னையே எழுதச் சொன்னார்: டீ சிந்தியது, பார்த்து எழுதிய நகல் இத்துடன் உள்ளது, என் கையெழுத்து, தேதி, நேரம். இரண்டையும் சேர்த்து ஸ்டேப்பிள் அடித்து ஃபைலில் வைத்தோம். மறுநாள் மானிட்டர் அதைப் படித்தார், தலையாட்டினார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்தப் பழைய தாள் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால், அந்தப் பாட்டியின் அன்றைய பார்வை அளவையே யாரும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் முக்கால்வாசி அந்தக் கறைத் தாளிலேயே இருக்கிறது. மீதியைக் கீழே எழுதுகிறேன். பி.ஆப்டம், பி.ஃபார்ம், பயோடெக் என்று எதைப் படித்துவிட்டு வந்திருந்தாலும் சரி, கல்லூரியில் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

முதலில் எதைப் படிப்பது

இந்தியாவில் மருந்து ட்ரையல்களுக்கான சட்டம் 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகள். அதற்கு முன் ஷெட்யூல் ஒய் என்று ஒன்று இருந்தது. பழைய ஆட்கள் பேச்சில் இன்னும் அந்தப் பெயர் வரும், குழம்பாதீர்கள். 2019 விதிகளை முதல் நாளே முழுக்கப் படிக்கப் போனால் தூக்கம் வரும். மூன்றாம் அட்டவணையைப் படியுங்கள். கன்சென்ட் (சம்மத) படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும், இன்வெஸ்டிகேட்டர் (ட்ரையலை நடத்தும் டாக்டர்) எதற்கெல்லாம் உறுதி எழுதித் தர வேண்டும், கடுமையான பாதிப்பு வந்தால் ரிப்போர்ட்டில் என்னென்ன விவரம் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் ஜி.சி.பி., அதாவது ட்ரையலை முறையாக நடத்துவதற்கான நெறிகள். இந்திய வழிகாட்டி 2001இல் வந்தது. உலக அளவில், மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் இ6 என்ற வழிகாட்டி, அதன் இரண்டாம் திருத்தம் 2016, மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரி. உங்கள் ட்ரையல் எதன்படி நடக்கிறது என்பது ப்ரோட்டோக்காலிலேயே (ட்ரையலை எப்படி நடத்துவது என்ற திட்ட ஆவணத்திலேயே) எழுதியிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டியும் மேஜையில் இருக்கட்டும், குறிப்பாகக் குழந்தைகள் சேரும் ட்ரையலாக இருந்தால்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ப்ரோட்டோக்காலை மூன்று தடவை படிப்பது முக்கியம். முதல் தடவை கதை மாதிரி. இரண்டாம் தடவை விசிட் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மூன்றாம் தடவை ஒவ்வொரு வேலையையும் எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த அறையில், யார், எந்த மெஷினில் செய்வார் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே. மூன்றாம் தடவையில்தான் ஓட்டை தெரியும். டைலேட் பண்ணுவதற்கு (சொட்டு விட்டுக் கண்பாப்பாவை விரிப்பதற்கு) முன் பார்க்க வேண்டிய கண் பிரெஷரை, எங்கள் ஓ.பி. வழக்கப்படி டைலேட் பண்ணிய பிறகு பார்க்கிறார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒரு சின்ன இடைச்செருகல். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1950களிலேயே நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுப்பதா வீட்டிலேயே கொடுத்தால் போதுமா என்று ஒப்பிட்டுப் பார்த்தது. ஆகவே "ட்ரையல்னா என்னமோ வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

முதல் நோயாளி வருவதற்கு முன்

சைட் ஃபைல் என்கிற தடித்த ஃபைல் ஒன்று உங்கள் கைக்கு வரும். எத்திக்ஸ் கமிட்டி (ட்ரையல் நெறிமுறைப்படி இருக்கிறதா என்று பார்க்கும் குழு) அனுமதிக் கடிதம், டி.சி.ஜி.ஐ. (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி) அனுமதி, ப்ரோட்டோக்கால், கன்சென்ட் படிவங்கள், டாக்டர்களின் பதிவுச் சான்று, லேப் சான்று என்று போகும். ஸ்பான்சர், அதாவது ட்ரையலை நடத்தவைக்கும் நிறுவனம், தரும் பொருளடக்கத்தின்படி அடுக்குங்கள், உங்கள் ரசனைக்கு வேண்டாம்.

எத்திக்ஸ் கமிட்டிக் கடிதம் கைக்கு வந்ததும் சந்தோஷப்பட்டு ஃபைலில் சொருகிவிடாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். அனுமதித்த ஒவ்வொரு ஆவணத்தின் பெயரும், வெர்ஷன் எண்ணும், தேதியும் கடிதத்தில் இருக்க வேண்டும்; தமிழ் கன்சென்ட் படிவத்துக்குத் தனியாக. கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். விதிப்படி கமிட்டியில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதியாவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாதாரணப் பொதுஜனம், ஒரு பெண் உறுப்பினர். உங்கள் டாக்டரே கமிட்டியிலும் உறுப்பினர் என்றால், இந்த ட்ரையலைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர் விலகி இருந்தார் என்பது எழுத்தில் வேண்டும். கூடவே சி.டி.ஆர்.ஐ. என்கிற தேசிய ட்ரையல் பதிவேட்டில் பதிவு. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிந்திருக்க வேண்டும், பிறகு என்பது கிடையாது.

டெலிகேஷன் லாக் என்பது யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரும் பட்டியல். இதில் தடுக்கி விழாத சைட்டே இல்லை. ஓ.சி.டி. (விழித்திரை ஸ்கேன்) எடுக்கும் தம்பி லீவு, அதனால் இன்னொருவர் எடுத்துவிட்டார், அவர் பெயர் லாக்கில் இல்லை. அல்லது பெயர் இருக்கிறது, ஆனால் பயிற்சி எடுத்த தேதி அவர் வேலை செய்த தேதிக்குப் பின்னால் இருக்கிறது. முதல் நாளே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரைப் போட்டு, இரண்டு பேருக்கும் பயிற்சியும் சான்றும் வாங்கிவிடுங்கள். கண் ட்ரையலில் பார்வை அளப்பவர், ஃபண்டஸ் (விழித்திரை) போட்டோ எடுப்பவர், ஓ.சி.டி. எடுப்பவர் என்று தனித்தனியாகச் சான்று வேண்டியிருக்கும். சில சமயம் அந்த அறைக்கும் மெஷினுக்கும்கூடச் சான்று உண்டு. அறையை மாற்றினால் மறுபடியும். எங்கள் பக்கத்து யூனிட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சார்ட்டைத் தூக்கி அடுத்த அறையில் மாட்டிவிட்டார்கள், அதன் பிறகு நடந்த கடிதப் போக்குவரத்து ஒரு மாசம்.

கன்சென்ட்: அவசரமே ஆகாத இடம்

கண் நோயாளியிடம் சம்மதம் வாங்குவதில் மற்ற எந்தத் துறையிலும் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. படிக்கச் சொல்லி நாம் நீட்டுகிற பத்துப் பதினைந்து பக்கத் தாளை அவரால் பார்க்கவே முடியாமல் இருக்கலாம். அதுவும் டைலேஷன் சொட்டு போட்டு அரைமணி நேரம் ஆனவரிடம் நீட்டினால், நல்ல பார்வை உள்ளவருக்கே எழுத்து கலங்கும். ஆகவே முதல் விதி: கன்சென்ட் எப்போதும் சொட்டுக்கு முன். ஓ.பி.யில் ஏற்கெனவே சொட்டு போட்டுவிட்டார்கள் என்றால் தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், இன்னொரு நாள் வரட்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரமும் எழுதச் சொல்லுங்கள். காலை 10.40க்குக் கையெழுத்து, 10.25க்கு ட்ரையலுக்கான பரிசோதனை என்று இருந்தால் அந்த ஒரு வரி போதும், தாள்களைச் சரிபார்க்க வரும் அரசு ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

படிக்க முடியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி ஒருவர் வேண்டும். அவர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கூடவே இருந்து கேட்டு, பிறகு கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நிமிஷத்தில் வார்டு நர்ஸைக் கூப்பிட்டு "இங்க ஒரு கையெழுத்து போடுங்க சிஸ்டர்" என்பது சாட்சி இல்லை. நோயாளி கைநாட்டு வைத்தால் அது யாருடைய பெருவிரல், எந்தக் கை என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பெரிய எழுத்தில் அச்சடித்த பிரதி வேண்டுமென்றால் அதையும் எத்திக்ஸ் கமிட்டிக்குச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வரி ஒன்றும் மாறவில்லை, எழுத்தின் அளவுதானே என்று நீங்களே ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக் கொடுக்காதீர்கள்.

இனி தமிழ். மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து வருகிற தமிழ்ப் படிவத்தைக் கமிட்டிக்கு அனுப்புவதற்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவர் யாரிடமாவது அதிலிருந்து இரண்டு பக்கம் வாசித்துக் காட்ட முடியுமா என்று ஸ்பான்சரிடம் கேட்டுப் பாருங்கள். பிளாசிபோவைப் 'போலி மருந்து' என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் போலி மருந்து என்றால் கடைக்காரன் ஏமாற்றி விற்கிற கள்ள மருந்து. பல்லாவரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அந்த வார்த்தையைக் கேட்டதும் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அவருக்கு "பாட்டில், நிறம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனா உள்ள மருந்து சேர்க்காத சொட்டு" என்று விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார். 'சீரற்ற ஒதுக்கீடு' என்பதும் அப்படியே. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது, சீட்டுக் குலுக்குவது என்று சொன்னால் அரை நிமிஷத்தில் புரிந்துகொள்கிறார்கள். எந்தப் பிரிவு என்பது டாக்டர் கையிலும் இல்லை என்பதை மட்டும் கூடவே அழுத்திச் சொல்லுங்கள். அச்சிட்ட படிவத்தில் நீங்கள் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது, வாயால் விளக்கலாம், விளக்கியதையும் அவர் கேட்ட கேள்விகளையும் சோர்ஸ் நோட்டில் (நடந்ததை முதலில் பதியும் குறிப்பில்) எழுதலாம். "நோயாளிக்கு விளக்கப்பட்டது, சம்மதித்தார்" என்று எல்லாருக்கும் ஒரே வரியை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி எழுதுவதைவிட, "ஊசி போட்ட அன்னைக்கே வேலைக்குப் போகலாமா என்று கேட்டார், டாக்டர் பதில் சொன்னார்" என்று எழுதின ஒரு வரி பத்து மடங்கு பெறும்.

இந்தியப் படிவத்தில் நோயாளியின் வயது, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், நாமினி யார், அவர் என்ன உறவு என்பதெல்லாம் நிரப்ப வேண்டும். காலியாக விடாதீர்கள். ட்ரையலால் இறப்பு நேர்ந்தால் நஷ்டஈடு கணக்கிடும் சூத்திரத்தில் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய், அதை வயதுக்கான காரணியாலும் நோயின் அபாயத்துக்கான காரணியாலும் பெருக்கிக் கணக்கிடுவார்கள். அதனால் வயது முக்கியம். பல பெரியவர்களின் பிறந்த தேதி அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கும். அவர் சொன்ன வயது வேறாக இருந்தால் எதை எதன் அடிப்படையில் எடுத்தீர்கள் என்று ஒரு வரி. படிவத்தின் பிரதி ஒன்றும், தகவல் தாளும் நோயாளி கையில் போக வேண்டும், போனதையும் எழுத வேண்டும்.

வீடியோ பதிவு எல்லா ட்ரையலுக்கும் கட்டாயம் இல்லை. புது மூலக்கூறு மருந்து, அதில் சேருபவர் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர் என்றால் கட்டாயம். உங்கள் ட்ரையலுக்கு அது தேவை என்றால் தனி அறையில் எடுங்கள், எடுத்ததும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நாற்பது நிமிஷம் பேசிவிட்டு மைக் ஆன் ஆகவில்லை என்று மறுநாள் தெரிந்தால், அந்த நோயாளி முகத்தை எப்படிப் பார்ப்பது?

குழந்தைகள் ட்ரையல் என்றால், கிட்டப்பார்வைக்கு அட்ரோபின் சொட்டு போடுகிற மாதிரி, பெற்றோர் சம்மதத்தோடு ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும், ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டிப்படி சின்னவர்களிடம் வாய்மொழியாக, பன்னிரண்டுக்கு மேல் எழுத்தில்.

பார்வை அறை

கண் ட்ரையலில் மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதே பல சமயம் ஒரு எண்ணில் நிற்கும்: எத்தனை எழுத்து படித்தார். இ.டி.டி.ஆர்.எஸ். என்கிற எழுத்து சார்ட், 4 மீட்டர் தூரம், 14 வரி, வரிக்கு 5 எழுத்து, மொத்தம் 70. நான்கு மீட்டரில் 20 எழுத்தோ அதற்கு மேலோ படித்தால் அதோடு 30 கூட்ட வேண்டும். 20க்குக் கீழே என்றால் 1 மீட்டரில் உட்காரவைத்து, +0.75 லென்ஸ் சேர்த்து, முதல் ஆறு வரியைப் படிக்கவைத்து அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். இந்த 30ஐக் கூட்ட மறப்பது, கூட்டியதையே மறுபடி கூட்டுவது, இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஐந்து எழுத்து ஒரு வரி. பதினைந்து எழுத்து ஏறினால் ஒரு மருந்துக்கு அது பெரிய வெற்றி. அப்படியிருக்க 30 எழுத்து தவறாக விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

தாளில் நோயாளி சரியாகச் சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் அந்த நொடியே வட்டமிட வேண்டும். மனசில் எண்ணி, கடைசியில் மொத்தத்தை எழுதுவது கூடாது. ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லுமுன் மாற்றிக்கொண்டால் மாற்றியதை ஏற்கலாம். அடுத்ததற்குப் போய்விட்டு "இல்ல சார், அது ஓ இல்ல, சி" என்றால் ஏற்கக் கூடாது. நமக்குப் பாவமாகத்தான் இருக்கும். தாம்பரத்திலிருந்து ரெண்டு ட்ரெயின் மாறி வந்த அம்மா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு முயற்சி பண்ணுகிறார், நம் வாய் தன்னால் "நல்லாப் பாருங்கம்மா" என்று வந்துவிடும். எவ்வளவு ஊக்கப்படுத்தலாம் என்பதும் கையேட்டில் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஆங்கில எழுத்து தெரியாதவருக்கு எந்த சார்ட் என்பதை ப்ரோட்டோக்கால் சொல்லவில்லை என்றால் அவரைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஸ்பான்சரிடம் எழுத்தில் கேளுங்கள். முதல் விசிட்டில் ஒரு சார்ட், ஆறாம் மாசம் வேறு சார்ட் என்று போனால் இரண்டு எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

வலது இடது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ட்ரையல் கண் எது, மற்றக் கண் எது என்பதை நோயாளி ஃபைலின் மேலட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எழுதும்போது 'வலது', 'இடது' என்று முழுதாகவோ ஓ.டி., ஓ.எஸ். என்றோ ஒரே முறையில் எழுதுங்கள், பக்கத்துக்குப் பக்கம் மாற்றாதீர்கள். நோயாளிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது நமக்கு இடப்பக்கம் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், மதியம் மூன்று மணிக்கு இருபதாவது நோயாளியைப் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. ஊசி போடும் நாளில் புருவத்துக்கு மேல் ஸ்டிக்கர், ஃபைல், கன்சென்ட், நோயாளியின் வாய், நான்கும் ஒரே கண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னதை நேரத்தோடு எழுத வேண்டும்.

ஓ.சி.டி., ஃபண்டஸ் படங்களை ரீடிங் சென்டருக்கு (படங்களை மதிப்பிடும் மையத்துக்கு) ஏற்றும்போது நோயாளி பெயர் போகக் கூடாது. திரையில் பெயரை மறைத்தால் போதாது, ஃபைலுக்குள்ளே இருக்கும் விவரத்திலும் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷினில் ட்ரையல் எண்ணைக் கொண்டே புதுப் பதிவு திறந்து எடுப்பது எளிது. வாட்ஸ்அப்பில் ஸ்கேன் அனுப்புவது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நீங்களும் அனுப்பப் போவதில்லை.

கண் பிரெஷர் அளக்கும் ட்ரையல் என்றால் கோல்ட்மேன் கருவியை ஒருவர் சுழற்ற, இன்னொருவர் எண்ணைப் படித்து எழுதச் சொல்வார்கள். சுழற்றுகிறவருக்கு எண் தெரியக் கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம். ஆள் இல்லை என்று ஒருவரே இரண்டையும் செய்துவிட்டு இரண்டு கையெழுத்து வாங்கினால் அது சின்ன விஷயம் இல்லை, பொய்க் கையெழுத்து. கருவியின் அளவு சரியா என்று 0, 20, 60 மூன்றிலும் சோதித்த பதிவேடும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மருந்து, ஃப்ரிட்ஜ், நந்தியாவட்டை

கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத சென்னையில் மத்தியானம் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்காமல் நாற்பது நிமிஷம் ஓடினால் என்ன செய்வது என்பதை ஏப்ரலிலேயே முடிவுபண்ணிவிடுங்கள். வெப்பநிலை தாண்டிவிட்டது என்றால் மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள், பயன்படுத்தவும் செய்யாதீர்கள். தனியாக எடுத்து வைத்து, "பயன்படுத்தாதே" என்று ஒட்டி, ஸ்பான்சருக்கு எழுதி, பதில் வரும் வரை காத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெப்பநிலையைத் திங்கட்கிழமை காலை எழுதுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. வெப்பநிலையைத் தானே பதியும் கருவி எடுத்த கிராஃப் பக்கத்திலேயே இருக்கும், இரண்டையும் ஒப்பிட ஆய்வாளருக்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சொட்டு பாட்டில்களைக் காலியானாலும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவர மாட்டார்கள். பேரன் விளையாடித் தொலைத்திருப்பான், அல்லது "வீட்டுக்காரருக்கும் கண்ணு எரிச்சல், அவருக்கும் ரெண்டு சொட்டு விட்டேன்" என்பார்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள்.

"வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் பதில் இல்லை என்றுதான் வரும். சர்க்கரை மாத்திரை, பிரெஷர் மாத்திரை இரண்டையும் நம் ஆட்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது சாப்பாடு மாதிரி. அதனால் தனித்தனியாகக் கேளுங்கள்: காலையில் என்ன மாத்திரை, ராத்திரி என்ன மாத்திரை, ஆயுர்வேதம் உண்டா, கண்ணில் ஏதாவது விட்டீர்களா. நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் தடவுவது எல்லாம் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வெளியே வரும். முகம் சுளிக்காமல் கேளுங்கள், சுளித்தால் அடுத்த விசிட்டில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. சில ட்ரையல்களில் ஒரு பிரிவுக்கு உண்மையான ஊசி, இன்னொன்றுக்கு ஊசியில்லாத சிரிஞ்சை வெள்ளைவிழி மேல் அழுத்தி எடுப்பது. ஊசி போடும் டாக்டருக்கு உண்மை தெரியும், பார்வை அளப்பவருக்குத் தெரியக் கூடாது. ஆக இவர்களுடைய தாள்கள் வேறு வேறு ஃபைலில், வேறு வேறு பூட்டுக்குள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு வெளியே வந்தால், காத்திருக்கும் பெஞ்சில் இரண்டு பேர் "எனக்குச் சுருக்குன்னுச்சு, உங்களுக்கு?" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களை ஒரே நாளில் வரவைக்காமல் பார்த்துக்கொள்ளலாம். காதில் விழுந்ததை டாக்டரிடமும் மானிட்டரிடமும் சொல்லி எழுதிவைக்கலாம்.

24 மணி நேரம்

கண் ட்ரையலில் கண்ணுக்கு வருவது மட்டும்தான் கணக்கு என்று புதியவர்கள் நினைப்பார்கள். இல்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு ட்ரையலுக்கு வந்தவர், கால் புண்ணுக்காக வேறு ஆஸ்பத்திரியில் படுத்தாலும், டெங்குவில் படுத்தாலும், மாரடைப்பு வந்தாலும் அது எஸ்.ஏ.இ., அதாவது கடுமையான பாதிப்புதான். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பது அடுத்த கேள்வி, அதை டாக்டர் முடிவு செய்வார். இன்வெஸ்டிகேட்டர் 24 மணி நேரத்துக்குள் டி.சி.ஜி.ஐ. அலுவலகம், ஸ்பான்சர், எத்திக்ஸ் கமிட்டி மூன்றுக்கும் சொல்ல வேண்டும். தாமதமானால் ஏன் என்று எழுத வேண்டும். விரிவான ரிப்போர்ட் 14 நாளுக்குள். கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கி வருகிறார் என்றால், ஊசி போட்ட சில நாட்களில் குறிப்பாக, எண்டாப்தால்மைட்டிஸ் (கண்ணுக்குள் கிருமித் தொற்று) என்று நினைத்து உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். வைத்தியம் முதலில், பேப்பர் பிறகு.

நடைமுறையில் நமக்குச் செய்தி எப்படி வரும் தெரியுமா? விசிட்டை நினைவூட்ட போன் பண்ணுவோம், மருமகள் எடுத்து "மாமா ஆஸ்பத்திரியில இருக்காரே, நாலு நாளாச்சு" என்பார். அந்த போன் எடுத்த நேரத்தை உடனே எழுதுங்கள், 3.10 என்றால் 3.10. உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். முதல் விசிட்டிலேயே நோயாளியோடு வீட்டில் இன்னொருவர் நம்பரையும் வாங்கி, "எந்த ஆஸ்பத்திரியில சேர்ந்தாலும் எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்று சொல்லிவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வாங்குவது தனிப் போராட்டம். எத்தனை தடவை, எந்தத் தேதியில், யாரைக் கேட்டீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

தப்பு நடந்துவிட்டால்

நடக்கும். எழுத்துப் பிழை என்றால் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது தெரிகிற மாதிரி; பக்கத்தில் சரியானது, இனிஷியல், இன்றைய தேதி, காரணம். ஒயிட்னரை மேஜையிலிருந்தே அப்புறப்படுத்துங்கள், நான் பக்கத்துத் துறைக்குத் தானம் பண்ணிவிட்டேன். பின்தேதி போட்டு எழுதாதீர்கள். மறந்துபோனதை மூன்று நாள் கழித்து எழுதினால், மூன்று நாள் கழித்து எழுதுகிறேன் என்றே எழுதுங்கள்.

ப்ரோட்டோக்காலிலிருந்து விலகல் என்றால் டீவியேஷன் லாக். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீட்டைவிட்டு இறங்கவே முடியாத நோயாளிகள் விசிட்டைத் தவறவிட்டார்கள். இதற்கு யார் மேலும் குற்றம் இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றும் தனி விலகல்தான், ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது, எப்போது பேசினோம், சொட்டு கையில் இருந்ததா, எப்போது வந்தார் என்று எழுத வேண்டியிருந்தது. பொங்கல், சபரிமலை, பேத்தி சடங்கு, ஆடி மாசம் குலதெய்வம் கோயில், இவை புயல் மாதிரி திடீரென்று வருவதில்லை. அடுத்த விசிட் தேதியைக் குறிக்கும்போது தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோயாளியிடமே கேளுங்கள்.

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் தென் மண்டல அலுவலகம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கிறது. அங்கிருந்து ஆய்வாளர்கள் சொல்லிவிட்டும் வரலாம், சொல்லாமலும் வரலாம். வந்தால் கேட்டதை எடுத்துக் கொடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி டாக்டரைக் கூப்பிடுங்கள், அன்று காலையில் எந்தத் தாளையும் 'சரிபண்ண' உட்காராதீர்கள்.

மூட்டை கட்டும்போது

கண்ணாடி பவரை அளக்கும் ஆட்டோரிஃப்ராக்டோமீட்டர் மாதிரி மெஷின்கள் துப்புகிற சின்னச் சுருள் தாள் தெர்மல் பேப்பர். சென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஒன்றிரண்டு வருஷத்தில் வெள்ளையாகிவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, அசலின் நகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் சேர்த்து வையுங்கள். க்ளோஸ்-அவுட்டில் (ட்ரையலை முடித்து மூடும்போது) திறந்து பார்த்தால் வெற்றுத் தாளாக இருந்த ஒரு கட்டை நான் கையில் பிடித்திருக்கிறேன்.

ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கும், எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு தாளையும் அழிக்கக் கூடாது. நோயாளியின் பெயரையும் ட்ரையல் எண்ணையும் இணைக்கும் பட்டியல் மட்டும் எப்போதும் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், ஸ்பான்சருக்குப் போகாது. பெட்டிக்கு வெளியே ட்ரையல் எண், பெட்டி எத்தனையில் எத்தனையாவது, எந்த வருஷம் வரை என்று எழுதுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் பெட்டிக்குள், ஒரு பிரதி உங்களிடம். கரையான் மருந்து அடித்த அறையா என்று கேளுங்கள். இடம் தருகிறோம் என்று தரைத்தளத்தைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எந்த ஏரியாவாக இருந்தாலும்.